‘டு’ போடவா, விடவா? ஆங்கில இன்ஃபினிட்டிவைப் பிழையில்லாமல் கையாள

‘மார்த்தாண்டத்துக்குப் போக ஆசை’, ‘அவனைப் போக விடு’, ‘இன்று போக முடியாது’, ‘உடனே போகச் சொன்னார்கள்’. நான்கிலும் ‘போக’ அசையாமல் நிற்கிறது. ஆங்கிலத்தில் முதலாவதும் நான்காவதும் ‘டு கோ’, நடுவில் உள்ள இரண்டும் வெறும் ‘கோ’. ‘போக’, ‘செய்ய’ போன்ற எச்சத்துக்கு ஆங்கிலத்தில் இன்ஃபினிட்டிவ் என்று பெயர். நம்மவர்கள் அதில் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த ஓரெழுத்து விஷயத்தில்தான்.

இலக்கணப் புத்தகங்கள் ஆறு வடிவங்களைக் கட்டம் போட்டுக் காட்டிப் பயமுறுத்தும். அந்தக் கட்டத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. போய்க்கொண்டிருக்க, போயிருக்க, அனுப்பப்பட, அனுப்பப்பட்டிருக்க என்று அத்தனையும் தமிழிலேயே நம் வாயில் புழங்குகின்றன. நீள வடிவங்களுக்குத் தமிழைக் கேளுங்கள், ‘டு’ வருமா வராதா என்பதற்கு முன்னால் நிற்கும் ஆங்கில வினையைக் கேளுங்கள். இந்த இரண்டையும் குழப்பாமல் இருந்தால் பாதிக்கு மேல் முடிந்தது.

வகுப்பில் சொல்லும் வி1, வி3 என்ற பெயர்களையே இங்கேயும் வைத்துக்கொள்வோம். கோ, கம், ஈட் ஆகியவை வி1, அதாவது வினையின் மூல வடிவம். கான், கம், ஈட்டன் ஆகியவை வி3, அதாவது மூன்றாம் வடிவம். உதாரணங்களை வாய்விட்டுச் சொல்லிப் படியுங்கள், கண் மட்டும் படித்தால் இது நிற்காது.

‘டு’ வரக்கூடாத இடங்கள்

கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷல், ஷுட், வில், வுட். இந்த ஒன்பதுக்கும் பின்னால் வெறும் வி1. ‘ஷி மஸ்ட் டு கம்’ தவறு, ‘ஷி மஸ்ட் கம்’ சரி. இவற்றில் இரண்டை அடுக்கவும் முடியாது. ‘நாளை என்னால் வர முடியும்’ என்பதை ‘ஐ வில் கேன் கம்’ என்று எழுதாதீர்கள். ‘ஐ வில் பி ஏபிள் டு கம்’ என்று மாற்றுங்கள். ஏபிள் வந்ததும் ‘டு’வும் கூடவே வந்துவிடுகிறது, கவனியுங்கள். ஹேவ் டு, ஆட் டு, யூஸ்டு டு, கோயிங் டு ஆகியவையும் அந்த ரகம்தான். பேசும்போது ஹேவ் டு என்பது ‘ஹாஃப் டு’ என்றே காதில் விழும். இரண்டையும் பிரித்து அழுத்திச் சொன்னால்தான் செயற்கையாக இருக்கும்.

அடுத்தது டூ, டஸ், டிட். ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்ற பிழை கல்லூரி முடித்தவர்களிடமும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நேற்று நடந்ததாயிற்றே, ‘வென்ட்’தானே வரவேண்டும் என்று மனம் சொல்கிறது. தமிழில் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். ‘போகவில்லை’ என்பதைப் பிரித்தால் போக, இல்லை. நேற்றானாலும் ‘போனவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலமும் அதையேதான் செய்கிறது: டிட் நாட் கோ. காலத்தை டிட் சுமந்துவிட்டது, மீதி நிற்பது வெறும் எச்சம். டஸ் வந்தாலும் இதே கதை. ‘ஷி டஸ் நாட் கோஸ்’ அல்ல, ‘ஷி டஸ் நாட் கோ’. கேள்வியிலும் மாற்றம் இல்லை: ‘டிட் யூ ஸீ த போட்?’

மேக், லெட் இரண்டும் ஆளைப் போட்டபின் ‘டு’ இல்லாத வினையைக் கேட்கும். ‘கண்டக்டர் எங்களைத் தக்கலையிலேயே இறங்க வைத்துவிட்டார்’ என்பது ‘த கண்டக்டர் மேட் அஸ் கெட் டவுன் அட் தக்கலை’. ‘மேட் அஸ் டு கெட் டவுன்’ என்று எழுதினால் மதிப்பெண் போகும். ஆனால் அதே வாக்கியத்தைச் செயப்பாட்டுக்குத் திருப்பினால் ஒளிந்திருந்த ‘டு’ வெளியே வந்துவிடும்: ‘வீ வேர் மேட் டு கெட் டவுன் அட் தக்கலை’. போட்டித் தேர்வு வினாக்களில் இந்த இடத்தை விரும்பிக் கேட்பார்கள். ஸீ, ஹியர் போன்ற புலன் வினைகளும் இப்படித்தான் நடக்கும். ‘வீ ஸா த போட் லீவ்’ என்பது ‘த போட் வாஸ் ஸீன் டு லீவ்’ என்றாகும். லெட் மட்டும் இந்தத் திருப்பத்துக்கு ஒத்துவராது. ‘வீ வேர் லெட் டு கோ’ என்று இழுக்காமல் ‘வீ வேர் அலவ்டு டு கோ’ என்று சொல்லிவிடுங்கள். ஹெல்ப் பெருந்தன்மையானது, ‘டு’ போட்டாலும் சரி, விட்டாலும் சரி.

ஒரு வேலையை இன்னொருவரைக் கொண்டு செய்விக்கும்போது ஹேவ், கெட் இரண்டும் உதவும், ஆனால் ஒன்றின் வழக்கம் இன்னொன்றுக்கு இல்லை. ‘ஐ ஹேட் த மெக்கானிக் செக் த பிரேக்ஸ்’, ‘ஐ காட் த மெக்கானிக் டு செக் த பிரேக்ஸ்’. பொருளில் பெரிய வேறுபாடு இல்லை. கெட்டில் கொஞ்சம் பேசிச் சம்மதிக்க வைத்த வாடை இருக்கும்.

ஹேட் பெட்டர், வுட் ராதர், ஒய் நாட் ஆகியவற்றுக்குப் பின்னும் ‘டு’ கிடையாது. ‘யூ ஹேட் பெட்டர் டேக் த அர்லி டிரெயின்.’ இதில் ஹேட் இருந்தாலும் இறந்த காலம் அல்ல, இனி செய்யவேண்டியதைத்தான் சொல்கிறது.

‘டு’ கட்டாயம் வேண்டிய இடங்கள்

வான்ட், ஹோப், டிசைட், பிளான், அக்ரீ, ரெஃப்யூஸ், பிராமிஸ், மேனேஜ், ஃபெயில், ஆஃபர், எக்ஸ்பெக்ட், அஃபோர்ட். இவை பெரும்பாலும் இனி நடக்கப்போவதை நோக்கி நிற்கும் வினைகள், ‘டு’வைக் கேட்கும். பட்டியலாக நெட்டுருப் போடாமல், ஒவ்வொன்றையும் ‘டு’வோடு சேர்த்தே பழகுங்கள்: டிசைட்-டு, ரெஃப்யூஸ்-டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் ‘எனக்குப் போணும்’ என்று பேசுவது உண்டு. அந்த ‘எனக்கு’ ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘டு மீ’ ஆகாது. ‘ஐ வான்ட் டு கோ.’ அவ்வளவுதான்.

இன்னொருவர் செய்யவேண்டும் என்றால்? ‘அவன் வரணும்னு நான் விரும்புறேன்’ என்ற தமிழின் ‘என்று’ ஆங்கிலத்தில் ‘தட்’ ஆகி, ‘ஐ வான்ட் தட் ஹி ஷுட் கம்’ என்று வெளிப்படும். வான்ட் ‘தட்’டை ஏற்காது. ஆளை நடுவில் வையுங்கள்: ‘ஐ வான்ட் ஹிம் டு கம்’. ஆஸ்க், டெல், அட்வைஸ், அலவ், ஃபோர்ஸ், ரிக்வெஸ்ட் எல்லாம் இந்த வரிசைப்படி வரும். ‘சொன்னார்’ என்றதும் கை ‘ஸெட்’டுக்குப் போகும், நிறுத்துங்கள். ஆளும் ‘டு’வும் பின்னால் வருமானால் ‘டோல்ட்’ வேண்டும்: ‘த டாக்டர் டோல்ட் மீ டு ரெஸ்ட்’.

‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்பது ‘ஐ நோ டு ஸ்விம்’ ஆகிவிடுவது நம்மிடையே மிகப் பரவலான பிழை. ‘நோ’வுக்கும் ‘டு’வுக்கும் நடுவே ஒரு ‘ஹவ்’ தேவை: ‘ஐ நோ ஹவ் டு ஸ்விம்’. நேர்முகத் தேர்வில் ‘ஐ கேன் ஸ்விம்’ என்பது இன்னும் இயல்பு. லேர்ன் என்ற வினைக்கு ‘ஹவ்’ கட்டாயமில்லை: ‘ஷி லேர்ண்ட் டு மேக் கார்லண்ட்ஸ்’.

ஹவ் டு, வேர் டு, வாட் டு போன்றவை வாக்கியத்தின் பாதியாகத்தான் நிற்கும். ‘டெல் மீ வேர் டு கெட் டவுன்’ சரி. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் ‘வேர் டு கெட் டவுன்?’ என்று கேட்டால் புரிந்துகொள்வார், ஆனால் அது முழுக் கேள்வி அல்ல. ‘வேர் ஷுட் ஐ கெட் டவுன்?’ என்று கேளுங்கள்.

நோக்கத்தைச் சொல்லும் ‘டு’வில் தமிழே ஒரு பள்ளம் தோண்டி வைத்திருக்கிறது. ‘பூ வாங்கத் தோவாளைக்குப் போனேன்’ என்று நினைத்தால் ‘ஐ வென்ட் டு தோவாளை டு பை ஃப்ளவர்ஸ்’ என்று நேராக வரும். ‘வாங்குவதற்காக’ என்று நினைத்தால் ‘ஃபார் பையிங் ஃப்ளவர்ஸ்’ என்று கோணும். ஆகவே மனத்தில் ‘-அதற்காக’ எழுந்தால் உடனே ‘வாங்க’ என்று சுருக்கிக்கொண்டு மொழிபெயருங்கள். ‘ஃபார்’ போட்டு ‘இங்’ வருவது ஒரு பொருளின் பயனைச் சொல்லும்போது: ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தியைக் காட்டி ‘திஸ் நைஃப் இஸ் ஃபார் டேப்பிங் ரப்பர்’ எனலாம். மனிதரின் நோக்கம் ‘டு’, கருவியின் பயன் ‘ஃபார்’.

பெயர்ச்சொல்லை ஒட்டி வரும்போது வாலில் ஒரு சின்னச் சொல் தேவைப்படலாம். உட்கார நாற்காலி: ‘அ சேர் டு ஸிட் ஆன்’. எழுத பேனா: ‘அ பென் டு ரைட் வித்’. குடியிருக்க வீடு: ‘அ ஹவுஸ் டு லிவ் இன்’. தமிழில் நாற்காலியில் உட்காருகிறோம், பேனாவால் எழுதுகிறோம், வீட்டில் குடியிருக்கிறோம். அந்த ‘இல்’லும் ‘ஆல்’உம் தமிழில் உதிர்ந்துவிடும், ஆங்கிலத்தில் உதிராது. உருபை நினைத்துப் பார்த்தால் எந்தச் சொல் வேண்டும் என்று தெரிந்துவிடும்.

‘ரொம்ப’ என்பதற்கெல்லாம் ‘டூ’ போடுவது இன்னொரு பழக்கம். ‘த டீ இஸ் டூ ஹாட் டு டிரிங்க்’ என்றால் குடிக்க முடியாத சூடு. அதனால் கன்னியாகுமரி சூரிய உதயத்தைப் பாராட்ட நினைத்து ‘டூ பியூட்டிஃபுல் டு ஸீ’ என்று எழுதினால் பாராட்டு குழம்பிப்போகும். ‘வெரி பியூட்டிஃபுல்’ போதும். ‘டூ ஹாட் டு டிரிங்க் இட்’ என்று கடைசியில் ஓர் ‘இட்’டும் சேர்க்காதீர்கள்.

‘டு’வா, ‘இங்’கா

இங்கே தமிழ் கணிசமாகக் கைகொடுக்கும். ‘செய்ய’ என்று வந்தால் ‘டு’. ‘செய்தது, செய்வது’ என்று வந்தால் ‘இங்’.

‘கதவைப் பூட்ட மறந்துவிட்டேன்’: ‘ஐ ஃபர்காட் டு லாக் த டோர்’. கதவு திறந்தே கிடக்கிறது. ‘பூட்டியது நினைவிருக்கிறது’: ‘ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்’. பூட்டியாயிற்று. ஸ்டாப்பில் இது இன்னும் கூர்மை. ‘டீ குடிக்க ஆரல்வாய்மொழியில் நின்றோம்’ என்றால் ‘வீ ஸ்டாப்டு டு டிரிங்க் டீ’. ‘டீ குடிப்பதை நிறுத்திவிட்டோம்’ என்றால் ‘வீ ஸ்டாப்டு டிரிங்க்கிங் டீ’. முன்னது ஐந்து நிமிட இடைவேளை, பின்னது வைராக்கியம். டிரை: முயன்று பார்ப்பது ‘டு’, ஒரு வழியைச் சோதித்துப் பார்ப்பது ‘இங்’. ரிக்ரெட்: கெட்ட செய்தி சொல்லப்போகும்போது ‘வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ’, செய்ததற்கு வருந்தும்போது ‘ஐ ரிக்ரெட் ஸேயிங் தட்’.

என்ஜாய், அவாய்டு, மைண்டு, கன்ஸிடர், பிராக்டிஸ், கீப் எப்போதும் ‘இங்’கோடுதான். தமிழ்ச் சோதனை கைவிடுகிற வினைகளும் உண்டு. ‘படித்து முடித்தேன்’ என்பதில் செய்வதும் இல்லை, செய்யவும் இல்லை, ஆனால் ஃபினிஷ் ‘இங்’கையே கேட்கும். ‘போகலாம் என்றார்’ என்பதை ‘ஹி ஸஜஸ்டட் டு கோ’ என்று எழுதிவிடுவார்கள். ‘ஹி ஸஜஸ்டட் கோயிங்’ என்பதே சரி. இந்த இரண்டையும் தனியாக மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிகின், ஸ்டார்ட், கன்டின்யூ எப்படி வந்தாலும் பெரிய பாதகமில்லை.

எல்லா ‘டு’வும் இன்ஃபினிட்டிவின் ‘டு’ அல்ல. ‘லுக்கிங் ஃபார்வர்டு டு ஸீ யூ’ என்று விண்ணப்பக் கடிதங்கள் முடிகின்றன, ‘ஸீயிங்’ என்று இருக்கவேண்டும். கண்டுபிடிக்க ஒரு வழி: ‘டு’வுக்குப் பிறகு ‘இட்’ வைத்துப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்டு டு இட்’ நிற்கிறது, ஆகவே அங்கே ‘இங்’. ‘வான்ட் டு இட்’ நிற்கவில்லை, ஆகவே வி1. யூஸ்டு டு என்ற குழப்பமும் இதனாலேயே தீரும். ‘ஹி யூஸ்டு டு கெட் அப் அட் த்ரீ’ என்றால் பால்வெட்டுக்காக மூன்று மணிக்கு எழுவது முன்பு வழக்கம், இப்போது இல்லை. ‘ஹி இஸ் யூஸ்டு டு கெட்டிங் அப் அட் த்ரீ’ என்றால் அந்த நேரத்துக்கு எழுந்து பழகிவிட்டார், சிரமமில்லை. முன்னால் இஸ், வாஸ், ஆர் இருந்தால் ‘இங்’.

நீள வடிவங்கள்: இரண்டு கேள்விகள்

முதல் கேள்வி, எழுவாய் தானே செய்கிறதா, அதன்மேல் செய்யப்படுகிறதா. இரண்டாவது, இன்ஃபினிட்டிவ் சொல்லும் செயல் முன்னால் நிற்கும் வினையின் நேரத்திலா, அதற்கு முன்பா, அல்லது அந்நேரம் நடந்துகொண்டே இருக்கிறதா.

பத்மநாபபுரம் அரண்மனையை வைத்துப் பார்ப்போம். அது தமிழ்நாட்டில் இருந்தாலும் பராமரிப்பு கேரள அரசிடம். ‘த பேலஸ் இஸ் நோன் டு பி மெய்ன்டெய்ன்டு பை கேரளா’. பராமரிக்கப்படுகிறது, இப்போது. ஆகவே டு பி, வி3. அது 1601 வாக்கில் கட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது. கருதுவது இன்று, கட்டியது அன்று: ‘த பேலஸ் இஸ் பிலீவ்டு டு ஹேவ் பீன் பில்ட் அரவுண்டு 1601’. டு ஹேவ் பீன், வி3. 1741 குளச்சல் போரில் தோற்றுச் சரணடைந்த டச்சுத் தளபதி டி லனாய் பின்னர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தார். அவர் தானே செய்தார், செயலும் பழையது: ‘டி லனாய் இஸ் நோன் டு ஹேவ் டிரெயின்டு த ஆர்மி’. டு ஹேவ், வி3. படகுத்துறையில் வரிசை நிற்கிறது: ‘தே ஸீம் டு பி வெயிட்டிங் ஃபார் த போட்’. விடியற்காலையிலிருந்தே நிற்கிறார்கள் போலும் என்றால் ‘தே ஸீம் டு ஹேவ் பீன் வெயிட்டிங் ஸின்ஸ் டான்’. இந்தக் கடைசி வடிவம் பேச்சில் அரிது, தேர்வில் மட்டும் அடிக்கடி தலைகாட்டும்.

‘டு’வுக்குப் பின் எப்போதும் ஹேவ்தான். ஹேஸும் ஹேடும் அங்கே நுழையக்கூடாது. ‘ஷி ஸீம்ஸ் டு ஹேஸ் கான்’ என்று எழுவாயைப் பார்த்து மாற்றிவிடுவார்கள். மாற்றம் ஸீம்ஸில் ஏற்கெனவே முடிந்துவிட்டது. நோ, பிலாங், ஓன் போன்ற நிலைவினைகளுக்கு ‘டு பி நோயிங்’ என்ற வடிவமும் கூடாது.

செயப்பாட்டு வடிவத்தை வெளிநாட்டுச் செவிலியர் வேலைக்குத் தயாராகிறவர்கள் தனியாகப் பயில்வது நல்லது. பணி ஒப்படைப்புக் குறிப்பும் பரிந்துரைக் கடிதமும் இதில்தான் ஓடுகின்றன. ‘ஹி நீட்ஸ் டு பி டர்ன்டு எவ்ரி டூ அவர்ஸ்’ என்றால் இரண்டு மணிக்கொரு முறை நோயாளியை நாம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். ‘பி’யை விட்டு ‘ஹி நீட்ஸ் டு டர்ன்’ என்று எழுதினால் அவரே புரண்டு படுக்கவேண்டும் என்றாகிவிடும். அசைய முடியாதவருக்கு அப்படி எழுதினால் அடுத்த ஷிப்டில் இருப்பவர் தவறாகப் புரிந்துகொள்வார். ‘த டிரெஸ்ஸிங் இஸ் டு பி சேஞ்டு டெய்லி’ என்பதிலும் ‘பி’ அவசியம்.

ஹேவ் வடிவத்துக்கு அன்றாடப் பயன் ஒன்று. ஒருவரைச் சந்தித்ததும் ‘கிளாட் டு மீட் யூ’, விடைபெறும்போது ‘கிளாட் டு ஹேவ் மெட் யூ’. காக்கவைத்துவிட்டு மன்னிப்புக் கேட்க ‘ஸாரி டு ஹேவ் கெப்ட் யூ வெயிட்டிங்’. நடக்கவேண்டியது நடக்காமல் போனதையும் இது சொல்லும்: ‘த போட் வாஸ் டு ஹேவ் லெஃப்ட் அட் எய்ட்’. எட்டு மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டும், கடல் கொந்தளிப்பால் கிளம்பவில்லை.

‘போயிருக்கணும்’ என்ற இரட்டைப் பொருள்

தமிழைக் கேளுங்கள் என்று சொன்னதற்கு முக்கியமான விதிவிலக்கு இது. ‘ஏழு மணி பஸ் இந்நேரம் போயிருக்கணும்’ என்பது ஊகம். ‘நீ ஏழு மணி பஸ்ஸிலேயே போயிருக்கணும்’ என்பது குறை சொல்வது. தமிழில் சொல் ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டு. ஊகத்துக்கு மஸ்ட்: ‘த பஸ் மஸ்ட் ஹேவ் கான்’. செய்யாமல் விட்டதற்கு ஷுட்: ‘யூ ஷுட் ஹேவ் கான்’. மாற்றிப் போட்டால் பொருளே தலைகீழ். மஸ்ட் ஹேவ் என்றால் போய்விட்டார், ஷுட் ஹேவ் என்றால் போகவில்லை. எதிர்மறையில் ‘போயிருக்க முடியாது’ என்ற ஊகம் ‘குட் நாட் ஹேவ் கான்’ ஆகும். ‘போயிருக்கக் கூடாது’ என்பது ‘ஷுட் நாட் ஹேவ் கான்’. ‘போயிருக்கத் தேவையில்லை’, அதாவது வீணாகப் போய்வந்தாயிற்று என்பது ‘நீட் நாட் ஹேவ் கான்’.

பேச்சில் ‘ஷுட் ஹேவ்’ என்பது ‘ஷுடவ்’ என்று ஒட்டிக்கொள்ளும். அதைக் காதால் கேட்டு ‘ஷுட் ஆஃப்’ என்று எழுதுவது இங்கிலாந்துக்காரர்களே செய்யும் பிழை. நாமும் சேர வேண்டாம்.

‘நாட்’ எங்கே நிற்கும்

‘டு’வுக்கு முன்னால். ‘போகாதே என்று சொன்னார்’: ‘ஹி டோல்ட் மீ நாட் டு கோ’. நாட்டை முதல் வினையோடு சேர்த்து ‘ஹி டிட் நாட் டெல் மீ டு கோ’ என்றால் போகச் சொல்லவில்லை என்று மட்டுமே பொருள், தடுத்தார் என்று ஆகாது. நோக்கத்தை எதிர்மறையாகச் சொல்ல வெறும் ‘நாட் டு’ போதாது. ‘ரயிலைத் தவறவிடக் கூடாதென்று சீக்கிரம் கிளம்பினேன்’ என்பதற்கு ‘ஐ லெஃப்ட் அர்லி ஸோ ஆஸ் நாட் டு மிஸ் த டிரெயின்’ என்று எழுதுங்கள். ‘டு’வுக்கும் வினைக்கும் நடுவே ‘கிளியர்லி’ போன்ற சொல்லைச் செருகக்கூடாது என்ற பழைய விதியை இன்று பெரும்பாலோர் கட்டாயமாக்குவதில்லை. ஓசை கெடாமல் இருந்தால் சரி.

கைப்பழக்கத்துக்கு

கீழே உள்ள ஐந்தையும் விடையைப் பார்க்காமல் முதலில் திருத்திப் பாருங்கள்.

‘மை மதர் மேட் மீ டு ஈட் ஃபிஷ்.’
‘ஐ நோ டு டிரைவ் அ ஜீப்.’
‘வீ வென்ட் டு பேச்சிப்பாறை ஃபார் ஸீயிங் த டேம்.’
‘த ரிப்போர்ட் இஸ் டு ஸெண்ட் பிஃபோர் ஃபைவ்.’
‘ஹி இஸ் ஸெட் டு லிவ் இன் குளச்சல் வென் ஹி வாஸ் அ பாய்.’

முதலாவதில் மேட் இருப்பதால் ‘டு’ போகும். இரண்டாவதில் ‘ஹவ்’ சேரும். மூன்றாவது மனிதரின் நோக்கம், ‘டு ஸீ’. நான்காவதில் அறிக்கை தானாக அனுப்பாது, ‘டு பி ஸென்ட்’. ஐந்தாவதில் சொல்வது இப்போது, வாழ்ந்தது சிறுவயதில், ஆகவே ‘டு ஹேவ் லிவ்டு’.